மாப்பிள்ளைக்குக் கால் உடைந்த அன்று

எங்கள் அத்தானைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் அவருடைய இடது கையிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஐந்து விரல்களும் பத்திரமாக இருக்கின்றன, பிடிதான் இல்லை. லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். ஒரு பழைய கட்டடத்தில், ஓடுகிற கயிற்றுக்கும் கப்பிக்கும் நடுவே அந்தக் கை போய்விட்டது. வைத்தியம் பார்த்ததில் கை திரும்பி வந்தது, பிடி வரவில்லை. கம்பெனியில் பெரிய மனது பண்ணி, ‘லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டது’ என்று வருகிற போன்களை எடுக்கும் வேலையில் உட்கார வைத்தார்கள்.

அவர் என் அக்காவின் வீட்டுக்காரர். எனக்கு வாய் நீளம், அவருக்கு வாயே கிடையாது. லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டு கத்துகிறவர்களிடம்கூட, ஆள் வருகிறார்கள், மூச்சை நிதானமாக விடுங்கள் என்று சொல்லிவிட்டுச் சும்மா இருப்பாராம். அந்தச் சும்மாவிலேயே அவர்கள் அடங்கிவிடுவார்களாம். என்னிடம் மட்டும் அந்த வித்தை பலிக்காது.

கை போவதற்கு முன்னால் அந்த வீட்டில் உடைந்த பொருள் என்று ஒன்று இருந்ததே இல்லை. நாற்காலி ஆடினால் மறுநாள் ஆடாது. கை போன பிறகு ஆயுதப் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார். ரம்பத்தை வலது கை பிடித்தால் பலகையை யார் பிடிப்பது? அக்கா பிடித்துப் பார்த்தாள், ஆடியது. நான் பிடித்துப் பார்த்தேன், நான் பேசிக்கொண்டே ஆடினேன். “ஒரு வீட்டுக்கு ஒரு ரம்பம் போதும்” என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். அதோடு சரி. வேலை முடிந்து வந்தால் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்.

அக்காவுக்கு ஒரே மகள். கல்யாணமாகி வயிற்றில் பிள்ளை இருக்கிற இன்றைக்கும் எங்களுக்கு அவள் பாப்பாதான். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்து முதல் சம்பளம் வாங்கிய அன்று, ஒரு வாடகை வண்டியின் பின்சீட்டில் நீளமாக எதையோ படுக்க வைத்துக் கொண்டுவந்தாள். தச்சு வேலைக்காரர்கள் வைத்திருப்பார்களே, மடக்கினால் சுவரோரம் ஒல்லியாகச் சாய்ந்து நிற்கும், விரித்தால் நாலு காலில் எழுந்து நிற்கும், அந்த மடக்கு மேசை. அதன் மேல்பலகை ஒன்றாக இருக்காது, இரண்டாகப் பிரிந்திருக்கும். நடுவிலுள்ள இடைவெளியில் மரத்தைச் சொருகி, இரண்டு முனையிலும் இருக்கிற கைப்பிடிகளைத் திருகினால் பலகைகள் நெருங்கி வந்து மரத்தைக் கவ்விக்கொள்ளும். அப்புறம் யானை வந்து இழுத்தாலும் வராது.

அத்தான் நடுக்கூடத்தில் நின்ற அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். வலது கையால் கைப்பிடியைத் திருகினார். ஒரு கட்டையைக் கொடுத்து இழுத்துப் பார்த்தார், அசையவில்லை. அவர் முகம் மலர்ந்ததைப் பல மாதம் கழித்து அன்றுதான் பார்த்தோம். யாருங்க இது என்று அக்கா சும்மா கேலிக்குக் கேட்டாள். “பொண்ணே பார்த்துக் கூட்டிட்டு வந்த மாப்பிள்ளை. வேண்டாம்னு சொல்ல முடியுமா?” என்றார் அத்தான்.

அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ஒட்டாமல் எப்படி இருக்கும்? கைப்பிடியைத் திருகத் திருக முறுக்கு ஏறுகிறது, மாப்பிள்ளை என்றால் முறுக்கு இல்லாமலா? மரியாதையில் ஒரு குறையும் கிடையாது. மாப்பிள்ளை எழுந்துட்டாரா, மாப்பிள்ளை காலை மடக்கிக்கிட்டாரா, மாப்பிள்ளை மேல ஈரத்துணியைப் போட்டது யாரு என்று அந்த வீட்டில் பேச்சு நடக்கும். சமையலறைக்குப் பின்னால், வாஷிங் மெஷின் இருக்கிற குட்டி அறைதான் பட்டறை. மேசையை விரித்தால் மெஷினின் கதவைத் திறக்க முடியாது, மெஷினைத் திறந்தால் மேசையை விரிக்க முடியாது. காலையில் துணி, சாயங்காலம் மரம் என்று அக்கா தீர்ப்பு எழுதினாள். அப்படியும் துவைத்த துண்டில் மரத்தூள் இருக்கும். முகம் துடைத்தால் அரிக்கும். ஆனால் சுவரைப் பார்த்து உட்காருகிற மனிதனைப் பார்ப்பதற்கு அரிப்பு எவ்வளவோ தேவலை என்று அக்காவே சொல்லுவாள்.

மேசையின் அடிக்குறுக்குக் கம்பியில் ஒரு காலை ஊன்றி, வலது கையால் ரம்பம் இழுத்துக்கொண்டு, வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு அத்தான் மறுபடி மனிதரானார். அந்த மேசையை அவர் நடத்துகிற அழகைப் பார்க்க வேண்டும். வேலை முடிந்தால் துடைத்து, திருகில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, மடக்கி நிறுத்துவார். அதன் மேல் ஏறி நின்று பல்பு மாற்றப் போன என்னை ஒருமுறை வாங்கு வாங்கென்று வாங்கினார். வாயில்லாத மனிதரிடம் திட்டு வாங்கியவள் என்ற பெருமை எனக்கு மட்டும்தான் உண்டு.

பிறகு பாப்பா உண்மையிலேயே ஒரு மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

தங்கமான பையன். குனிந்த தலை, கேட்டதற்குப் பதில். எனக்கும் அக்காவுக்கும் பார்த்ததுமே பிடித்துவிட்டது. என்ன வேலை என்று அத்தான் கேட்டார். உயரமான கட்டடங்களில் வெளிப்பக்கக் கண்ணாடி துடைக்கிறேன் மாமா, கயிற்றில் இறங்கி, என்றான் அவன். அத்தான் தன் இடது கையைப் பார்த்தார். அதற்கு மேல் அன்று பேசவில்லை. அவன் போன பிறகு அக்காவிடம், “கயித்தை நம்பி நான் பட்டது போதாதா? நம்ம பொண்ணும் கயித்தை நம்பித்தான் பிழைக்கணுமா?” என்று கேட்டாராம்.

பாப்பா பிடித்த பிடியில் நின்றாள். அத்தான் இறங்கி வந்தார், கல்யாணமும் நன்றாகவே நடந்தது. ஆனால் மருமகனிடம் அவர் பேச்சு வாங்க, உட்காருங்க, சாப்பிட்டீங்களா என்பதைத் தாண்டவே இல்லை. அழைத்தே ஆக வேண்டிய இடத்தில் தம்பி என்பார். கோபம் இல்லை, பயம். பயத்தை வெளியே சொல்லத் தெரியாத ஆண்பிள்ளைகள் இப்படித்தான் உம்மென்று இருப்பார்கள்.

கல்யாணத்துக்கு முன்பே அக்கா ஒரு தடை போட்டிருந்தாள். இனிமேல் மேசையை யாரும் மாப்பிள்ளை என்று கூப்பிடக் கூடாது. “சம்பந்தி காதுல விழுந்தா என்ன ஆகும்? எந்த மாப்பிள்ளையை மடக்கி மூலையில வைக்கிறீங்கன்னு கேப்பாங்க.” நியாயம்தான். அன்றிலிருந்து அது வெறும் மேசை. இரண்டு வருஷம் ஆகிறது. மாப்பிள்ளை என்றால் கயிற்றில் தொங்குகிற மாப்பிள்ளை மட்டும்தான் என்று என் காதும் பழகிவிட்டது. அதுதான் வினையாய்ப் போனது.

பாப்பாவுக்கு ஏழாம் மாதத்தில் ரத்த அழுத்தம் ஏறியது. டாக்டரம்மா படுத்தே இருக்கச் சொல்லிவிட்டாள். நடக்கக் கூடாது, எதையும் தூக்கக் கூடாது, முக்கியமாக மனதை அலட்டிக்கொள்ளக் கூடாது, அதிர்ச்சி தரும் சேதி எதையும் காதில் போடாதீர்கள் என்று அக்காவைத் தனியே கூப்பிட்டுச் சொல்லியிருந்தாள். அக்கா பாப்பாவின் வீட்டுக்கே போய்த் தங்கிவிட்டாள். அத்தான் தன் பங்குக்கு, படுக்கைக்குக் குறுக்கே நிற்கிற மாதிரி ஒரு சாப்பாட்டு மேசை செய்து கொண்டிருந்தார். படுத்தபடியே தட்டை வைத்துக்கொள்ளலாம், புத்தகம் வைத்துக்கொள்ளலாம். பாப்பாவின் வயிற்றுக்கு இடம் விட்டு அளவெடுக்க வேண்டும் என்று என்னைப் படுக்கச் சொல்லி அளவெடுத்தார். அவள் வயிற்றில் பிள்ளை இருக்கிறது, எனக்கு என்ன இருக்கிறது என்று கேட்டேன். அளவு சரியாத்தான் இருக்கும் என்றார். இந்தக் குசும்பு மட்டும் குறையவில்லை.

அன்று என் கடையில் உட்கார்ந்திருந்தேன். துணி திருத்துகிற கடை. ஜிப் மாற்றுவது, இடுப்புப் பிடிப்பது, நீளம் குறைப்பது. யாரோ ஒருவருடைய பேண்டின் காலை வெட்டிக்கொண்டிருந்தபோது போனில் அத்தானின் குரல் பதிவு ஒன்று வந்தது. அவர் குரல் அப்படி நடுங்கி நான் கேட்டதில்லை.

“கேட்டுக்கோம்மா. மாப்பிள்ளை விழுந்துட்டாரு. மேல ஏறினதே தப்பு, எத்தனை தடவை சொல்லியிருக்கேன். கால் உடைஞ்சு தொங்குது. இனிமே எழுந்து நிக்கறது கஷ்டம்னுதான் தோணுது. பாப்பாவுக்குத் தெரிய வேண்டாம், தாங்க மாட்டா. உங்க அக்காகிட்டயும் இப்ப சொல்லாதே. நீ கடையைச் சாத்திட்டு வா.”

கத்தரிக்கோல் எந்தப் பக்கம் போனது என்று எனக்குத் தெரியாது. அந்தப் பேண்ட் ஒரு கால் முழுசு, ஒரு கால் அரை என்று ஆனதை மறுநாள்தான் பார்த்தேன். மாப்பிள்ளைக்குப் போன் போட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது. அத்தானுக்குப் போட்டேன், எடுக்கவில்லை. மறுபடி மாப்பிள்ளைக்கு, மறுபடி அத்தானுக்கு. கயிற்றில் இருக்கும்போது போனைக் கீழே பையில் வைத்துவிட்டுப் போவார்கள் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அந்த மணி அடிக்க அடிக்க, ஆஸ்பத்திரி வாசலில் எங்கோ ஒரு பையில் கிடந்து அது அலறுவதாகத்தான் எனக்குத் தோன்றியது.

அத்தான் வீட்டுக்கு ஓடினேன். கதவு பூட்டியிருந்தது. எதிர்வீட்டுக்காரி கதவைத் திறந்து, இப்போதுதான் கிளம்பிப் போனார் என்றாள். முகம் பேயறைந்த மாதிரி இருந்ததாம். என்னங்க என்று கேட்டதற்கு, “கால் மாத்த முடியுமான்னு கேட்டுட்டு வரேன்” என்று சொன்னாராம். இருபத்தெட்டு வயசுப் பையனுக்குச் செயற்கைக் காலா? பிறக்கப் போகிற பிள்ளையை யார் தோளில் தூக்கிக்கொண்டு நடப்பது? எந்த ஆஸ்பத்திரி என்றுகூட இந்த மனிதர் சொல்லவில்லையே என்று படியில் நின்றே அத்தானைத் திட்டினேன். திட்டத் திட்ட அழுகை வந்தது.

எந்த ஆஸ்பத்திரி என்று மாப்பிள்ளையின் கம்பெனியில் கேட்கலாம், அந்த நம்பர் அக்காவிடம்தான் இருந்தது. சொல்லாதே என்றாலும் வேறு வழி இல்லை. பாப்பாவின் வீட்டுக்குப் போய், அக்காவை மட்டும் சமையலறைக்குத் தள்ளிக்கொண்டுபோய்க் காதில் சொல்லிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். வழியெல்லாம் முகத்தைத் துடைத்துச் சிரித்துப் பழகினேன். என் மூஞ்சியா கேட்கும்? உள்ளே நுழைந்ததும் கட்டிலிலிருந்து பாப்பா என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

“என்ன சித்தி, யாருக்கு என்ன?”

ஒன்றும் இல்லை என்றேன். ஒன்றும் இல்லாததற்கு யாராவது அழுவார்களா? அக்கா கரண்டியோடு வந்து என்னை உலுக்கினாள். போனைக் கொடு என்று பாப்பா கையை நீட்டினாள். கொடுக்க மாட்டேன் என்றேன். அவள் எழுந்து உட்காரப் பார்த்தாள். எழுந்தால் ஆபத்து, சொன்னாலும் ஆபத்து. கடைசியில் எழுவதைத் தடுக்கத்தான் கொடுத்தேன். அந்த நேரத்தில் நான் நினைத்ததெல்லாம் ஒன்றுதான்: இந்தப் பெண்ணுக்கும் அந்தப் பிள்ளைக்கும் ஏதாவது ஆனால், அது என் கையால் ஆனதாக இருக்கும்.

பாப்பா கேட்டாள். பக்கத்தில் நின்று அக்காவும் கேட்டாள். அக்கா அப்படியே தரையில் சரிந்து உட்கார்ந்தாள். பாப்பா அழவில்லை. இன்னொரு தடவை ஓடவிட்டுக் கேட்டாள். மூன்றாவது தடவை கேட்டபோது அவள் தோள் குலுங்கியது. நான் டாக்டரம்மாவுக்குப் போன் போட ஓடினேன்.

“சித்தி, நில்லு” என்றாள் பாப்பா. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள், கண்ணில் தண்ணீரோடு. “அப்பா இவரை ஒரு நாளாவது மாப்பிள்ளைன்னு கூப்பிட்டிருக்காரா?”

நானும் அக்காவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

“தம்பின்னுதான் சொல்வாரு. அவருக்கு மாப்பிள்ளைன்னா நான் வாங்கித் தந்த மேசை ஒண்ணுதான். உடைஞ்சது அதோட கால்.”

யோசித்துப் பார்த்தால் அதுதான் சரி. பாப்பாவுக்குத் தெரியவேண்டாம் என்று ஏன் சொன்னார்? அவள் முதல் சம்பளத்தில் வாங்கித் தந்த பொருள், உடைந்தது தெரிந்தால் வருத்தப்படுவாள். கால் மாற்றப் போனது இரும்புக் கடைக்கு. எல்லாம் பொருந்திவந்தது. போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது எனக்கு. அக்கா தரையில் உட்கார்ந்தபடியே அத்தானையும் மேசையையும் அந்தப் பெயரை வைத்த நேரத்தையும் சேர்த்துத் திட்டினாள். திட்டி முடித்து, என்னையும் இரண்டு போட்டாள். நானும் வாங்கிக்கொண்டேன். ஆனால் பாப்பா சிரித்து ஓய்ந்து, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். தன் புருஷனை அப்பா வாய் நிறைய மாப்பிள்ளை என்று கூப்பிடாததை இந்தப் பெண் இரண்டு வருஷமாக எண்ணிக்கொண்டே இருந்திருக்கிறாள். அந்தக் குறைதான் இன்று அவளைக் காப்பாற்றியது. எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

அப்போது போன் அடித்தது. மாப்பிள்ளை.

“என்ன சித்தி, இத்தனை கால் வந்திருக்கு?”

“எனக்கு ரெண்டு கால் போதும் மாப்பிள்ளை. அது ரெண்டும் உங்ககிட்ட பத்திரமா இருக்கா?” என்று கேட்டுவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். பாப்பா போனைப் பிடுங்கி நடந்ததைச் சொன்னாள். அவன் சிரிப்பான் என்று நினைத்தேன். மாமா இப்போது தனியாகவா இருக்கிறார் என்றுதான் கேட்டானாம். வேலையை முடித்த கையோடு நேராக அத்தான் வீட்டுக்குப் போவதாகச் சொன்னான். நானும் கிளம்பினேன். ஒருவரைத் திட்டுவதற்கு அவ்வளவு ஆசையாக நான் எப்போதும் கிளம்பியதில்லை.

நாங்கள் போனபோது அத்தான் பட்டறை அறையில், கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்திருந்தார். மேசை சுவரோரம் சாய்ந்திருந்தது, ஒரு கால் கழன்று தொங்கியது. பாப்பாவின் சாப்பாட்டு மேசை மூன்று காலோடு பக்கத்தில் கிடந்தது. கடையில் இந்த அளவுக் கால் கிடைக்கவில்லை என்று என்னிடம் முறையிட ஆரம்பித்தார். நான் பதில் சொல்லாமல் அவர் குரலையே அவருக்குப் போட்டுக் காட்டினேன்.

தலையை ஆட்டிக்கொண்டு கேட்டார். ‘கால் உடைஞ்சு தொங்குது’ என்ற இடத்தில் நிமிர்ந்தவர் கதவருகே நின்ற மாப்பிள்ளையைப் பார்த்தார். அவன் காலைப் பார்த்தார், இரண்டு காலையும், கீழே செருப்பு வரைக்கும். அவர் முகம் வெளிறிப்போனது. நாங்கள் என்ன நினைத்தோம், பாப்பா எதைக் கேட்டாள் என்பதெல்லாம் ஒரே நேரத்தில் அவருக்குப் புரிந்துவிட்டது. திட்டலாம் என்று சேர்த்து வைத்திருந்ததெல்லாம் எனக்கு மறந்துவிட்டது. பாப்பா நன்றாக இருக்கிறாள், சிரித்துக்கொண்டிருக்கிறாள் என்று அவசரமாகச் சொன்னேன்.

“எனக்கு ஒண்ணும் இல்லை மாமா” என்று மாப்பிள்ளை பக்கத்தில் மண்டியிட்டான். அப்போதுதான் அத்தானின் முழங்கையில் தோல் கிழிந்திருந்ததைப் பார்த்தான். “நீங்களும் விழுந்தீங்களா?”

பரண்மேல் இருந்த பலகையை எடுக்க, எங்களையெல்லாம் ஏறக் கூடாது என்று மிரட்டிய அதே மேசையின் மேல் இவர் ஏறியிருக்கிறார். கால் மடங்கி, மேசையும் இவருமாகச் சேர்ந்து விழுந்திருக்கிறார்கள். அவ்வளவு நீளப் பதிவில் தான் விழுந்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஊருக்குத்தான் உபதேசம் என்று சொல்லிக்கொண்டே மருந்து தேடப் போனேன்.

திரும்பி வந்தபோது மாப்பிள்ளை மடக்கு மேசையின் காலைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆணிதான் அறுந்திருக்கிறது, வேலையிடத்தில் விட்டுவந்த தன் கயிற்றுப் பையில் கெட்டியான போல்ட்டும் நட்டும் இருக்கிறது, நாளைக்கு மாட்டி எழுப்பிவிடலாம் என்றான். ஆனால் பாப்பாவுக்குச் சாப்பாட்டு மேசை இன்றைக்கு வேண்டும். அவன் வாளியை இழுத்துப்போட்டு, நாலாவது காலுக்கான கட்டையை அதன் மேல் வைத்து, முழங்காலை ஊன்றி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். அத்தான் ரம்பத்தை எடுத்தார். அறுக்கவில்லை.

“கயிறெல்லாம் தினமும் பார்த்துக்கறீங்களா?” என்று கேட்டார்.

“தினமும் மாமா. இறங்கறதுக்கு முன்னாடி. ரெண்டு கயிறு கட்டுவோம். ஒண்ணு போனாலும் இன்னொண்ணு பிடிச்சுக்கும்.”

“ரெண்டு கயிறா?”

இரண்டு வருஷமாக இந்த மனிதர் ஒற்றைக் கயிற்றை நினைத்துப் பயந்துகொண்டிருந்திருக்கிறார். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தீர்ந்திருக்கும். தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது, கையில் மருந்து இருந்தது.

அத்தான் ரம்பத்தைக் கோட்டின் மேல் வைத்தார். மெல்ல ஒரு இழுப்பு இழுத்தார். கட்டை லேசாக அசைந்தது. குனிந்த தலை நிமிராமல், “மாப்பிள்ளை, கொஞ்சம் இறுக்கிப் பிடிங்க” என்றார்.

அவன் அவரை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தான். பிறகு இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

நான் சத்தமில்லாமல் சமையலறைக்கு வந்து பாப்பாவுக்குப் போன் போட்டேன். அப்பா இப்போது மாப்பிள்ளையை மாப்பிள்ளை என்று கூப்பிட்டார் என்று சொன்னேன்.

“மேசையையா?” என்றாள்.

“மேசை சுவரோரம் படுத்திருக்குடி. உன் புருஷனை.”

அந்தப் பக்கம் அவள் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. ரத்த அழுத்தம் ஏறிவிட்டதோ என்று எனக்குப் பக்கென்றது.

“சித்தி, போனை அங்க கொண்டு போய் வையேன். இன்னொரு தடவை சொல்லுவாரு. நானும் கேக்கறேன்.”